அத்திம்பேரின் ஷூ

ஔந்த், புனே
9 ஜூன் 2024

அன்புள்ள விச்சுவுக்கு,

அக்கா அபயத்தின் ஆசிகள். இங்கே நானும் பால்கனித் துளசியும் சௌக்கியம். அங்கே நீ, வைஷு, உன் காது மெஷின் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னோடு போனில் பேசினால் நான் சொல்வது ஔந்த் முழுக்கக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுதினாலோ, சேதியைப் படிக்காமலே எல்லாரும் கைகூப்பும் பொம்மை அனுப்புகிறார்கள். அதனால் நமக்குத் தபால்தான் சரி.

அவருடைய வருஷாப்தீகம் முடிந்து நீ ரயில் ஏறும்போது என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாயே, "உன் வாசலில் ஒரு திருட்டு நடந்தாலும் வீட்டைப் பூட்டிண்டு மாயவரம் வந்துடணும்" என்று! வண்டி கிளம்பும் அவசரத்தில் தலையாட்டிவிட்டேன். ஆனால் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. எங்கள் சொசைட்டிக்குச் சுற்றிலும் மதில், கேட்டில் சலீம், லிஃப்டில் கேமரா. கொத்தமல்லி கொண்டு வருகிறவன்கூட என் போனில் அனுமதி கேட்டுத்தான் மேலே வர முடியும்.

போதாததற்கு எதிர் ஃபிளாட் ஸ்நேஹா ஒரு யோசனை சொன்னாள். "ஆன்ட்டி, அங்கிளோட ஷூவை வெளியே வைங்கோ. உங்க செப்பல் அந்தர். ஆம்பளை இருக்கற வீடுன்னு லகேகா" என்றாள். பார்க்கிறவனுக்கு அப்படித் தோன்றுமாம். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், அவள் தமிழ் அப்படித்தான். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பீரோவைத் திறந்து அவருடைய கறுப்பு ஷூவை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்தேன். தினமும் காலையில் கொஞ்சம் இடம் மாற்றுகிறேன். ஒருநாள் மூக்கு உள்பக்கம், ஒருநாள் வெளிப்பக்கம். என் செருப்பு உள்ளே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மாவடு பானையில் உப்பு சரியாக இருக்கிறதா என்று வைஷுவைப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அபயம்

*

மயிலாடுதுறை
24 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எங்கள் மூவரில் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. பேட்டரி மாற்றியிருக்கிறேன். மாவடு அமோகம்.

ஷூ விஷயம் படித்தேன். அத்திம்பேருக்கு இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் குட்டை என்பதும், கேம்ப் பஜாரில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் இடது அடியைக் கனமாக வைத்துத் தைத்துக்கொள்வார் என்பதும் திருடனுக்குத் தெரியவா போகிறது? எனக்குத்தான் அதைப் படித்ததும் பழைய கட்கி வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. லீவுக்கு வந்தால் நான் உன் கட்டிலடியில் உட்கார்ந்து கதை படிப்பேன். அவர் ஆபீஸ் விட்டு ஏறி வருவார். வலது கால் டக், இடது கால் டொக். டக்-டொக் கேட்டதும் நீ காபிக்குப் பால் வைப்பாய். அன்றைக்கு என் காது எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது!

வாக்கு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருந்துவிடுவோம். தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவன் நான். வாசல் என்றால் உன் கதவும் அதன் முன்னால் உள்ள இடமும். திருட்டு என்றால் பெரியது சின்னது என்ற பேதம் இல்லை. துடைப்பக்கட்டை போனாலும் திருட்டு திருட்டுதான். உனக்குப் பிள்ளை இல்லை. நான் இருக்கிறேன். மாடி அறைக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. என்ன நிறம் வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
விச்சு

*

ஔந்த்
28 ஜூலை 2024

அன்புள்ள விச்சு,

ஆசிகள். மழை கொட்டித் தீர்க்கிறது. கடக்வாஸ்லா அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றோரச் சாலையெல்லாம் தண்ணீர். எனக்கு ஜலதோஷம்கூட இல்லை. வைஷுவின் முழங்கால் எப்படி?

டைல்ஸ் நிறத்தைப் பற்றி இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு பெரிய சேதி. உன் அக்கா சொசைட்டியின் பாதுகாப்புக் கமிட்டியில் உறுப்பினர்! காரியதரிசி ரவிசந்திரன் நம் ஊர்ப் பக்கத்து மனிதர், பாங்கில் பெரிய பதவியில் இருந்தவர். பால்கனிகளுக்கெல்லாம் இரும்பு கிரில் போட வைத்தது அவர்தான். அடுத்ததாக எல்லார் கதவுக்கும் விரல் ரேகைப் பூட்டு போட வேண்டுமாம். நான் என் திண்டுக்கல் பூட்டைப் பற்றிச் சொன்னேன். "மாமி, அதை மியூசியத்துல வைக்கணும்" என்று சிரித்தார். கமிட்டியே சிரித்தது.

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "பாணேர் பக்கத்துல திருடன் என்ன பண்ணினான்னு கேட்டேளா? முதல்ல அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டான். அப்புறம் நிதானமா நடு வீட்டை உடைச்சான். சத்தம் கேட்டவாளால வெளியில வரவே முடியல. உங்க ரேகைப் பூட்டு அதுக்கு என்ன பண்ணும்? வெளித் தாழ்ப்பாளைக் கழட்டுங்கோ. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போறும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. முதல் தாழ்ப்பாளை என் கதவிலிருந்து கழற்றினார் தச்சர். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. பாவம் என் திண்டுக்கல் பூட்டு, மாட்ட இடமில்லாமல் உள்ளே ஆணியில் சாவியோடு தொங்குகிறது.

மாயவரத்தில் நான் விச்சுவின் அக்கா. இங்கே நான் அபயம் டீச்சர். காய்கறிக்காரனின் பெண்கூட என்னிடம் கணக்குப் படித்தவள். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
அபயம்

*

மயிலாடுதுறை
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். வைஷுவின் முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி நலம்.

கமிட்டியில் உறுப்பினர் ஆனதற்கு வாழ்த்துகள். ஆனால் கமிட்டி வைத்துக் காவல் காக்க வேண்டிய இடத்தில் தனியாக ஏன் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ அங்கே டீச்சர் என்பது புரிகிறது. இங்கே மட்டும் குழந்தைகளுக்குக் கணக்கு தானாகவா வருகிறது?

டைல்ஸ் வெளிர்நீலம். உனக்குப் பிடிக்கும் என்று வைஷு சொன்னாள். ஒட்டியாகிவிட்டது.

விச்சு

*

ஔந்த்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள விச்சு,

ஆசிகள். எல்லாரும் சௌக்கியம்தானே?

கணபதி உற்சவம் நன்றாக நடந்தது. கீழே மண்டபத்தில் தினமும் ஆரத்தி, கூட்டமான கூட்டம், யார் வீட்டு விருந்தாளி யார் என்றே தெரியவில்லை. கேட்டில் சலீமும் எத்தனை பேரைத்தான் கேட்பான்? நான் கொழுக்கட்டை செய்தேன், ஸ்நேஹா மோதகம் செய்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவள் கணவன் ஜெயந்த் சொல்லி, இரண்டு பேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

வாசலில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அபயம்

*

மயிலாடுதுறை
4 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நவராத்திரி ஆரம்பித்துவிட்டது. வைஷு சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கிறாள். நான் உன் கடிதத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவள். இது அரைப் பக்கம்கூட இல்லை. "வேறு விசேஷம் ஒன்றுமில்லை" என்று நீ எழுதி நான் பார்த்ததே கிடையாது. உனக்கு விசேஷம் இல்லாத நாள் ஏது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளை ஹரீஷ் புனேயின் அந்தக் கோடியில் இருக்கிற கராடியிலிருந்து உன்னைப் பார்க்க வந்தானே, அவனிடம் வைஷு போனில் விசாரித்தாள். நீ இளைக்கவில்லை, சாப்பாடு பிரமாதம் என்றான். அப்புறம் சொன்னான்: "அத்தை டோர்ல அத்திம்பேர் ஷூ இல்லம்மா. ஒரு ஃப்ளவர் பாட்தான் இருக்கு. கேட்டேன், அத்தை டாபிக் சேஞ்ச் பண்ணிட்டா." பாதிக்குப் பாதி இங்கிலீஷ், அவன் தமிழ் அவ்வளவுதான். ஆனால் கண் நன்றாகத் தெரிகிறது.

ஷூ எங்கே அக்கா? ஒரு வரியில் பதில் எழுது.

விச்சு

*

[அஞ்சல் அட்டை]

ஔந்த், 20 அக்டோபர் 2024

விச்சு, ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கொலு எடுத்து வைக்கிற வேலை. நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில்: ஷூ எங்கே இருந்தாலும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். வைஷுவுக்குத் தீபாவளிப் புடவை அனுப்பியிருக்கிறேன். – அபயம்

*

மயிலாடுதுறை
26 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். புடவை வந்தது, வைஷுவுக்கு வாயெல்லாம் பல். தீபாவளி வாழ்த்துகள்.

"நம்புகிறேன்" என்றால் இல்லை என்று அர்த்தம். ஷூ திருடுபோய்விட்டது. அதுவும் கணபதி சமயத்திலேயே போயிருக்க வேண்டும். நீ பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டாய். எனக்குக் கோபமில்லை. ஆனால் அவருடைய ஷூவையே உன் வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போகிறவன், நாளைக்குக் கதவைத் தட்டினால் என்ன செய்வாய்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வாக்கு வாக்குதான். பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நானும் ஹரீஷும் சேர்ந்து சாமான் கட்டுகிறோம். வீட்டை வாடகைக்கு விட ரவிசந்திரனிடமே சொல்லலாம். பெரிய பெட்டிகளை மட்டும் இறக்கி வை, நீயாகத் தூக்காதே.

உன் தம்பி,
விச்சு

*

ஔந்த்
4 நவம்பர் 2024

என் அருமை விச்சு,

ஆசிகள், ஆசிகள், இன்னொரு முறையும் ஆசிகள். நான் மகா சௌக்கியம். ஒரு பெட்டியையும் இறக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

நீ கண்டுபிடித்தது சரி. ஆரத்தி முடிந்து மேலே வந்து பார்த்தால் ஷூ இல்லை. திருட்டு என்பதைவிட, அவருடைய காலையே எவனோ எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது எனக்கு. கதவை மூடிக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொன்னால் வெளிர்நீல அறைக்கு வந்தாக வேண்டும். அதனால் தொட்டி வாங்கி வைத்து அந்தக் காலி இடத்தை மறைத்தேன். உன் கடைசிக் கடிதம் வந்தபின் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வந்துவிடுகிறேன் என்று எழுதக் காகிதம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று பாவ்பீஜ். தீபாவளியின் கடைசி நாள், அண்ணன் தம்பிகள் சகோதரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற நாள். கட்டடமே காலி. ஜெயந்தும் ஸ்நேஹாவும் தீபாவளிக்கு முன்னாலேயே சாதாராவுக்குப் போய்விட்டார்கள். மத்தியானம், வெயில் நன்றாக அடிக்கிற நேரம். மூன்றாம் மாடியில் நான் மட்டும் அரிவாள்மணைமுன் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

படியில் சத்தம் கேட்டது. டக்-டொக். டக்-டொக்.

விச்சு, நான் எழுந்துவிட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டேன்! டம்ளரை எடுத்த பிறகுதான் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் எனக்கு அது அவராகவே இருந்தது, சொல்ல வெட்கமில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அப்புறம் புத்தி வந்தது. அவர் வரமாட்டார். ஷூ வரும். ஷூ வந்தால் அதற்குள் ஒரு கால் இருக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுத் துவாரம் வழியாகப் பார்த்தேன். முதுகில் டெலிவரிப் பை, தலையில் தொப்பி. வேறு மாடிக்குப் பார்சல் என்று கேட்டில் ஏமாற்றிவிட்டு, லிஃப்டில் கேமரா என்று படி வழியாக வந்திருக்கிறான். காலில் நம் ஷூ, பாலிஷே இல்லாமல்! நேராக என் கதவுக்குத்தான் வந்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்தைக் கையால் தடவினான். அங்கே ஓட்டைதான் இருந்தது. கொஞ்சம் யோசித்தான். சத்தம் இல்லை, வாசலில் செருப்பும் இல்லை, வீட்டில் ஆளில்லை என்று முடிவு கட்டியிருப்பான். திரும்பி எதிர்க் கதவுக்குப் போய்க் கம்பியால் நெம்பினான், பூட்டு விட்டுக்கொடுத்தது. உள்ளே போய் யாரும் பார்க்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஸ்நேஹா வீட்டு வெளித் தாழ்ப்பாளை இன்னும் கழற்றவில்லை. தச்சர் வந்தபோதெல்லாம் அவர்கள் ஊரில் இல்லை. அதற்காக அவளைக் கமிட்டியில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

பயமாகத்தான் இருந்தது. ஆனால் உன் டிக்கெட் ஞாபகம் வந்தது. ஆணியிலிருந்து திண்டுக்கல் பூட்டை எடுத்தேன். வெறுங்காலோடு வராந்தாவைக் கடந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுப் பூட்டினேன். அந்தப் பூட்டின் 'களக்' சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். உனக்கே கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து கதவுத் துவாரத்தில் என்னைப் பார்த்திருப்பான், கதவைத் தட்டினான். "காகூ, தார் உகடா! ப்ளீஸ் காகூ!" மாமி, மாமி என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போலீஸ், ஜெயில் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆதி தே பூட் காட்!" என்று கத்தினேன். முதலில் அந்த ஷூவைக் கழற்றுடா என்று! உள்ளே சத்தம் நின்றது. கழற்றிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு இண்டர்காமில் சலீமைக் கூப்பிட்டேன். கட்கித் தமிழ்ப் பையன் அவன்.

"சலீம், மேல வா. போலீசையும் கூப்பிடு. ஒருத்தனைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"யாரைம்மா புடிச்சீங்க?"

"எங்காத்துக்காரர் ஷூவைப் போட்டுண்டு வந்தவனை."

"எங்கம்மா கீறான்?"

"ஸ்நேஹா ஆத்துக்குள்ள. பதறாம வா, எங்கேயும் போகமாட்டான்."

பால்கனி வழியாகக் குதிக்கலாம் என்றால் ரவிசந்திரனின் கிரில். அந்தப் புண்ணியம் அவருக்குத்தான். அவரும் அரை வேட்டியோடு ஓடிவந்தார். போலீஸ் வந்து நான் சாவி கொடுத்துத் திறந்தபோது, அவன் சோபாவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எதிரே ஷூ ஒழுங்காக ஜோடி சேர்ந்து நின்றது. பக்கத்துப் பையில் ஸ்நேஹாவின் நகை முழுவதும். ஒரு குந்துமணி குறையவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா விசாரித்தபோது என்ன சொன்னான் தெரியுமா? கணபதியிலிருந்து அவனுக்கு இடுப்பு வலியாம், மாத்திரை சாப்பிட்டும் போகவில்லையாம், என்ன வியாதியோ என்று பயந்துகொண்டிருந்தானாம்! நான் இடது ஷூவைத் திருப்பி அடியைக் காட்டினேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. நல்ல தோல், இனாமாக வந்தது, விட மனசு வரவில்லை என்றான்.

சாயங்காலம் சாதாராவிலிருந்து பறந்து வந்த ஸ்நேஹா என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கீழே மண்டபத்தில் கணபதிக்கு அடித்த டோல் மேளமெல்லாம் மறுபடி வந்தது. ரவிசந்திரன் எல்லார் முன்னாலும் மைக்கில், "மாமியோட திண்டுக்கல் பூட்டைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். மியூசியத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது, இந்த முறை என் பக்கம் நின்று.

ஷூ இப்போது போலீஸ் ஸ்டேஷனில் சாட்சியாக இருக்கிறது. உயிரோடு இருந்தவரை ஸ்டேஷன் படி மிதிக்காத மனிதர்!

இனி நீ சொல். வாக்கு வாக்குதான் என்றால் வருகிறேன். ஆனால் அழுதுகொண்டு வரமாட்டேன்.

உன் அக்கா,
அபயம்

*

மயிலாடுதுறை
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாஷ்டாங்க நமஸ்காரம். நானும் வைஷுவும் ஊர் முழுக்க உன் புகழ் பாடிக் களைத்திருக்கிறோம். தபால்காரர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார். ஹரீஷ் போனில் சேதி சொன்னதுமே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அதை வைஷுவுக்கு வாய்விட்டுப் படித்தேன். டக்-டொக் வந்த இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். மீதியை அவள்தான் படித்தாள்.

வாக்கு விஷயமாகத் தீர்ப்பு: திருட்டுப்போன பொருள் அதே வாசலுக்குத் தானாக நடந்து வந்துவிட்டபடியாலும், அதைக் கொண்டுவந்தவன் உன்னால் பூட்டப்பட்டபடியாலும், உன் வாசலில் திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று இதனால் உத்தரவிடுகிறேன். மேல்முறையீடு கிடையாது.

பாவ்பீஜுக்கு வராத தம்பி பொங்கலுக்கு வருகிறேன். போகவர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எனக்கும் வைஷுவுக்கும் மட்டும். வெளிர்நீல அறை நீ லீவுக்கு வந்தால் தங்க. நிறம் பிடிக்காவிட்டால் அப்போது சொல்.

உன் தம்பி,
விச்சு

*

ஔந்த்
5 ஜனவரி 2025

அன்புள்ள விச்சு, வைஷு,

ஆசிகள். குளிரில் பல் கிட்டுகிறது, ஸ்வெட்டர் மறக்காதீர்கள். நான் சௌக்கியம். துளசிதான் கொஞ்சம் வாடியிருக்கிறது.

ஷூ நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது. கோர்ட்டு உத்தரவோடு, நம்பர் எழுதிய சீட்டோடு, கௌரவமாக. சீட்டைக் கிழித்துவிட்டுப் பாலிஷ் போட்டேன். ஸ்நேஹா வந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஃபிர் சே வாசல்ல வைங்கோ, லக்கி ஷூ" என்றாள்.

மாட்டேன் என்றேன். வேலை பார்த்தது போதும், அவர் ரிடையர் ஆகட்டும். பீரோவில் அவருடைய கோட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். விச்சு, நீ வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை படியேறி வர வேண்டும். இடுப்பு வலித்தால் நான் தைலம் தேய்த்து விடுகிறேன். மெஷினைக் காதில் வைத்துக்கொள். நான் பால் வைத்துக் காத்திருப்பேன்.

குரோட்டன்ஸ் தொட்டியைக் கீழே சலீமுக்குக் கொடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து என் செருப்பை எடுத்து வாசலுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். வருகிறவன் பார்த்துவிட்டு வரட்டும், இங்கே யார் இருக்கிறாள் என்று.

அன்புடன்,
அபயம் டீச்சர்